நத்தம் சாலை ஸ்டீயரிங் பட்டறை: பழைய பிக்அப் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

ஸ்டீயரிங் சரியில்லை என்று பழைய பிக்அப்பைக் கொண்டுபோய் நிறுத்தினால், பெரும்பாலான பட்டறைகளில் மாற்ற வேண்டிய பாகங்களின் பட்டியல்தான் முதலில் வரும். பழுது எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்த பிறகே ஸ்பேனரை எடுக்கிற இடம், திண்டுக்கல் வட்டாரத்தில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். நத்தம் சாலையில், சிறுமலைப் பிரிவுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. ஒரு தகரக் கொட்டகை, ஒரு குழி, ஒரு வேப்பமரம், அவ்வளவுதான். பெயரை எழுத வேண்டாம் என்று உரிமையாளரே சொல்லிவிட்டார். ஏற்கெனவே வண்டிகள் சாலையோரம் வரை நிற்கின்றன, இன்னும் கூட்டம் வந்தால் பக்கத்து டீக்கடைக்காரர் சண்டைக்கு வருவார் என்பது அவர் கவலை. ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். ஒன்றை ஏன் குறைத்தேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

என் தொழில் சிறுமலையிலிருந்து வாழைத்தாரும் எலுமிச்சையும் இறக்கித் திண்டுக்கல்லில் சேர்ப்பது. அதற்காக வாங்கிய பழைய பிக்அப் இது. முன்பக்கம் பட்டை ஸ்பிரிங், குறுக்கே ஒரே அச்சு, ஸ்டீயரிங் பாக்ஸ் (ஸ்டீயரிங்கின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பற்சக்கரப் பெட்டி), அதற்குப் பவர் உதவி. கைக்கு வந்தபோது 1,40,000 கி.மீ. ஓடியிருந்தது. மலைக்கு 18 கொண்டை ஊசி வளைவுகள். ஸ்டீயரிங்கில் குறை இருந்தால் அந்தச் சாலை மூன்றாவது வளைவிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

என் வண்டி காட்டிய குறைகள் ஒன்றல்ல. வெறும் வண்டியாக நான்குவழிச் சாலையில் போகும்போது ஒரு தடத்தில் நிற்காமல் அலையும். 60 கி.மீ. வேகத்தில் சிறு பள்ளத்தில் விழுந்தால் ஸ்டீயரிங் கையில் படபடவென்று நடுங்கும், வேகம் குறைந்தால்தான் அடங்கும். பிரேக் பிடித்தால் இடப்பக்கம் இழுக்கும். ஊருக்குள் இருக்கும் பெரிய பட்டறை ஒன்றில் முன் டயர் இரண்டையும் புதிதாகப் போடவைத்தார்கள், கணினி அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணங்களைச் சரிபார்ப்பது) செய்தார்கள். வண்டி அப்படியேதான் இருந்தது. மறுபடி போனபோது ஸ்டீயரிங் பாக்ஸின் தலையில் இருக்கும் திருகை இறுக்கி அனுப்பினார்கள். ஸ்டீயரிங் சக்கரத்தில் ஆட்டம் குறைந்தது உண்மை. ஆனால் அன்றிலிருந்து புதிதாக ஒரு தொல்லை சேர்ந்துகொண்டது: கொண்டை ஊசியில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பவில்லை. கையால் இழுத்துத்தான் திருப்ப வேண்டியிருந்தது. லோடோடு இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் இந்த வேலை என்றால் தோள்பட்டை என்ன ஆகும்? அதற்கு அவர்கள் சொன்ன தீர்வு, பாக்ஸையே மாற்றிவிடுவது. 28,000 ரூபாய்.

அந்தச் சமயத்தில் சந்தையில் சக வியாபாரி ஒருவர் சொல்லித்தான் நத்தம் சாலைக்குப் போனேன்.

அங்கே பட்டறை உரிமையாளரான அண்ணன் கேட்ட முதல் கேள்வி ஸ்டீயரிங்கைப் பற்றியே இல்லை. "கழற்றிய பழைய டயர் எங்கே?" என்றார். ஒன்று ஸ்டெப்னியாக வண்டிக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை இறக்கவைத்து, உள்ளங்கையை டயரின் குறுக்கே உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தடவினார். பிறகு வெளியிலிருந்து உள்ளே. என் கையையும் பிடித்துத் தடவவைத்தார். ஒரு திசையில் வழவழப்பு, எதிர்த்திசையில் ஒவ்வொரு வரியின் ஓரமும் அரம்போல் கையில் உரசியது. வெளியிலிருந்து உள்ளே வரும்போது உரசினால் சக்கரங்கள் முன்பக்கம் விரிந்து ஓடியிருக்கின்றன, உள்ளிருந்து வெளியே போகும்போது உரசினால் அளவுக்குமேல் குவிந்து ஓடியிருக்கின்றன என்றார். என்னுடையது விரிந்து ஓடியது. ஆனால் உரசல் டயர் முழுக்க ஒரே மாதிரி இல்லை. ஓர் இடத்தில் கூராகவும் அடுத்த இடத்தில் மழுங்கியும் இருந்தது. அளவு தவறியிருந்தால் சீராகத் தேய்ந்திருக்கும், இப்படித் திட்டுத்திட்டாகத் தேய்ந்தால் ஏதோ ஓர் இணைப்பு ஆடுகிறது, சக்கரம் போகப்போகத் திசை மாற்றிக்கொள்கிறது என்பது அவர் முடிவு. புது டயர் போட்டவர்கள் இந்தச் சாட்சியைத்தான் கழற்றி ஓரமாக வைத்திருந்தார்கள்.

அடுத்து வண்டியை ஓட்டிப் பார்த்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பியதும் இறங்கி நான்கு சக்கரக் குடத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோனார். ஒரு பக்கத்து பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் அந்தக் குடம் மட்டும் சுடும். முன்னால் இரண்டும் ஒரே சூடு. எனவே பிரேக்கின் மேல் பழி இல்லை என்று ஒதுக்கினார். காற்றழுத்தம் பார்த்தார். முன் டயர்களை இடம் வலமாக மாற்றிப்போட்டு மறுபடி ஓட்டினார். இழுப்பு டயரால் என்றால் எதிர்ப்பக்கத்துக்கு மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. இவ்வளவுக்கும் பிறகுதான் வண்டி குழிமேல் ஏறியது.

வண்டி தன் கனத்தோடு தரையில் நிற்கும்போதே ஸ்டீயரிங் இணைப்புகளைச் சோதிக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதக்காரர். எஞ்சினை ஓடவிட்டு, உதவிக்கு இருக்கும் பையனை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, ஸ்டீயரிங்கை இடமும் வலமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டச் சொன்னார். இவர் குழிக்குள் நின்று ஒவ்வொரு இணைப்பின் மேலும் கட்டைவிரலை வைத்தார். விரலின் பாதி மூட்டின் கிண்ணத்தில், பாதி அதில் செருகியிருக்கும் இரும்புக் கையில். மேலே ஆட்டம் தொடங்கும்போது இரண்டும் ஒன்றாக நகர்ந்தால் மூட்டு நலம். ஒரு பாதி முந்தி மறு பாதி பிந்தினால் விரலுக்குத் தெரிந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. என்னையும் இறங்கி வைத்துப் பார்க்கச் சொன்னார். முன்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் தண்டின் முனைகளான டை ராட் எண்ட் இரண்டிலும் எனக்கு எதுவும் தெரியவில்லை. பாக்ஸிலிருந்து வலது சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்கின் முன்முனையில் கை வைத்ததும் 'டக்' என்று ஒரு சின்ன உதை விரலில் விழுந்தது. அந்த மூட்டின் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸுக்குப் பதிலாகச் செம்மண் இருந்தது.

பாக்ஸைச் சேஸிஸோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் டார்ச் அடித்துப் பார்த்தார். போல்ட் தளர்ந்திருந்தால் அதன் தலைக்குக் கீழே துரு நீர் வழிந்த ஒரு செம்பழுப்புக் கோடு இருக்கும், சேஸிஸில் விரிசல் விட்டிருந்தாலும் அந்தக் கோடுதான் முதலில் சொல்லும். என் வண்டியில் இல்லை. அங்கே மட்டும் புது பெயிண்ட் அடித்திருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்றும் சொன்னார். விற்கிறவர் வெல்டிங்கை மறைத்திருக்கலாம்.

பிறகு ஜாக்கி. முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார். இடது சக்கரம் ஆடியது. சக்கரம் சுழலத் தாங்கும் வீல் பேரிங்கா, சக்கரம் இடம் வலமாகத் திரும்புவதற்கான அச்சாணியான கிங் பின்னா? இந்தக் கேள்விக்கு எத்தனையோ பட்டறைகளில் இரண்டையும் மாற்றித்தான் பதில் கண்டுபிடிக்கிறார்கள். இவர் பையனைப் பிரேக்கை அழுத்தச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டினார். பிரேக் பிடித்தால் சக்கரமும் அதன் பின்னால் இருக்கும் பகுதியும் ஒரே கட்டையாகிவிடும். ஆட்டம் பேரிங்கில் என்றால் அப்போது நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை. ஆக, கிங் பின்னைச் சுற்றியிருக்கும் உறையான புஷ் தேய்ந்திருக்கிறது. இதற்கு ஆன செலவு ஒரு மிதி.

நடுக்கத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது. கிங் பின்னிலும் டிராக் லிங்க் முனையிலும் இடைவெளி இருந்தால், பள்ளத்தில் விழுந்த சக்கரம் அந்த இடைவெளிக்குள் இடமும் வலமுமாக அடித்துக்கொள்ளும். ஆனால் திரும்பி வராத ஸ்டீயரிங்? தளர்ந்த மூட்டு அதைச் செய்யாதே என்று நானே கேட்டேன். அண்ணன் அதற்கு வாயால் பதில் சொல்லவில்லை. டிராக் லிங்கைப் பாக்ஸின் இரும்புக் கையிலிருந்து கழற்றிவிட்டார். இப்போது ஸ்டீயரிங் அமைப்பு இரண்டு துண்டு: மேலே ஸ்டீயரிங் சக்கரமும் பாக்ஸும், கீழே அச்சும் சக்கரங்களும். தூக்கி நிறுத்தியிருந்த முன்சக்கரங்களைக் கையால் தள்ளினார், லேசாகத் திரும்பின. எஞ்சினை அணைத்துவிட்டு மேலே ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெல்லச் சுழற்றச் சொன்னார். நேராக நிற்கும் இடத்தை நெருங்கும்போது கை கனத்தது, கடந்ததும் மறுபடி இளகியது. இறுக்கம் பாக்ஸுக்குள். அதுவும் நடுவில் மட்டும்.

இந்த வகைப் பாக்ஸில் பல்லுக்குப் பல் இடைவெளி நேராக ஓடும் நிலையில்தான் மிகக் குறைவாக வைக்கப்பட்டிருக்கிறது, திரும்பும்போது கொஞ்சம் கூடும். தலையில் உள்ள திருகை அளவுக்குமேல் இறுக்கினால் அந்த நடுப்புள்ளியில் பற்கள் ஒன்றையொன்று நெரித்துக்கொள்ளும். ஸ்டீயரிங் நேருக்கு வந்து சேர மறுக்கும், உள்ளே உலோகமும் தேயும். திருகின் பூட்டு நட்டில் பளபளவென்று புது ஸ்பேனர் தடம் இருந்தது. கதவின் கீல் தேய்ந்திருக்கத் தாழ்ப்பாளைச் சுத்தியால் அடித்து இறுக்கிய கதைதான்: ஆட்டம் கீழே மூட்டில், இறுக்கியது மேலே பாக்ஸில். நல்லவேளை பாக்ஸ் கெட்டுப்போகவில்லை. டிராக் லிங்க் கழன்ற நிலையிலேயே திருகைத் தளர்த்தி, நடுப்புள்ளியில் கைக்கு இறுக்கம் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் அளவுக்குக் கொண்டுவந்து பூட்டினார். 28,000 ரூபாய் வேலை அங்கேயே முடிந்தது.

இடப்பக்க இழுப்பைத்தான் நான் மறந்தே போயிருந்தேன், அவர் மறக்கவில்லை. டேப் எடுத்து, ஸ்பிரிங்கின் முன் கொக்கி போல்ட்டிலிருந்து அச்சு வரை இரண்டு பக்கமும் அளந்தார். இடப்பக்கம் ஒரு விரல்கடைக்கு மேல் கூடுதல். பட்டைகளைக் கோத்துப்பிடிக்கும் சென்டர் போல்ட் முறிந்து, பட்டைகளை அச்சோடு இறுக்கிப்பிடிக்கும் யூ போல்ட்டும் தளர்ந்ததால், அச்சின் இடமுனை பின்னுக்கு நகர்ந்திருந்தது. முழு அச்சுமே இடப்பக்கம் பார்த்து நிற்கிறது என்றால் வண்டி நேராக எப்படிப் போகும்? கணினி அலைன்மென்ட்டுக்குக் கொடுத்த பணம் வீண் என்பதும் இங்கேதான் விளங்கியது. ஒரே அச்சு வண்டியில் அலைன்மென்ட் எந்திரத்தில் திருகித் திருத்தக்கூடியது சக்கரங்கள் குவிந்திருக்கிறதா விரிந்திருக்கிறதா என்ற ஒரே அளவைத்தான். சக்கரத்தின் சாய்வு அச்சின் அமைப்பிலேயே இருக்கிறது. கிங் பின் பின்பக்கமாகச் சாயும் கோணத்தைப் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் வைக்கும் ஆப்புத் தகடு தீர்மானிக்கிறது. மூட்டு ஆடிக்கொண்டிருக்கும்போது அலைன்மென்ட் செய்தால், எந்திரத்திலிருந்து இறங்கி வாசலைத் தாண்டுவதற்குள் அளவு மாறிவிடும்.

இங்கே அலைன்மென்ட் கடைசி வேலை. கிங் பின் செட், டிராக் லிங்க் எண்ட் இரண்டு, சென்டர் போல்ட், யூ போல்ட்டுகள், ஸ்பிரிங் முனையில் இருக்கும் ஷேக்கிள் புஷ் எல்லாம் மாற்றியபின், சக்கரங்களைத் தூக்கிச் சுழற்றி டயரின் நடுவில் சாக்கட்டியும் ஆணியுமாக ஒரு கோடு கீறி, கோட்டுக்குக் கோடு முன்னும் பின்னும் டேப் பிடித்து அளந்தார். பழைய முறைதான். அலைன்மென்ட் எந்திரம் வைத்திருப்பவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். எனக்குப் போதும். மூட்டு நட்டுகளைப் பூட்டும்போது இன்னொன்றைக் கவனித்தேன். நட்டின் வெட்டும் துளையும் நேர்ப்படவில்லை என்றால் நட்டு கழலாமல் காக்கும் பின்னைச் செருகுவதற்காக நட்டைத் தளர்த்துவது பலருடைய வழக்கம். இவர் இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் அடுத்த வெட்டுக்குக் கொண்டுவந்தார். பையன் ஒன்றைத் தளர்த்தப் போனபோது விழுந்த திட்டை இங்கே எழுத முடியாது.

கிங் பின்னுக்குக் கிரீஸ் அடித்ததும் சக்கரம் தரையில் படாமல் தொங்கும்போதுதான். கனம் மேலே உட்கார்ந்திருந்தால் கீழே தாங்கும் பேரிங்குக்குள் கிரீஸ் போகாது. பழைய கிங் பின்னுக்குக் கிரீஸ் அடிக்கும் நிப்பிளில் மண் அடைத்து இறுகியிருந்தது. முந்தைய உரிமையாளர் கிரீஸ் அடித்ததற்குக் காசு கொடுத்திருப்பார், கிரீஸ் வெளியிலேயே வழிந்திருக்கும்.

கணக்கு: பார்த்துச் சொன்னதற்கு 600 ரூபாய், அதைத் தனியாகவே கேட்டு வாங்கினார். வேலைக்கும் பொருளுக்கும் சேர்த்து 14,300. பொருளை நானே கடையில் வாங்கிவந்தேன். எழுதிக்கொடுத்த அளவுக்கு மேல் ஒரு வாஷர்கூட வாங்கச் சொல்லவில்லை. பார்ப்பதற்குத் தனிக் கூலி கேட்கிறார் என்று குறைப்பட்டுக்கொள்கிறவர்களைப் பட்டறையிலேயே பார்த்தேன். எனக்கு அதுதான் பிடித்தது. பாகம் விற்றால்தான் வருமானம் என்ற நிலையில் இருப்பவர் எதையாவது விற்கத்தான் பார்ப்பார். இவருக்கு அந்த நெருக்கடி இல்லை.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள், வாங்குவதற்கு முன்பே இங்கே ஓட்டிவந்து காட்டுகிறார்கள். அதற்கும் அதே 600 தான். விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அதுவே பாதிப் பதில். "எஃப்.சி. புதிதாக எடுத்தது" (எஃப்.சி. என்றால் தகுதிச் சான்று) என்ற பேச்சில் மயங்க வேண்டாம். எட்டு வருடம் தாண்டாத சரக்கு வண்டிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்குமேல் வருடா வருடம் தகுதிச் சான்று. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-ஆவது விதி, ஸ்டீயரிங் சக்கரத்தின் வெற்று ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக்கூடாது என்கிறது. நாற்பது செ.மீ. விட்டமுள்ள சக்கரத்தின் விளிம்பில் அது ஏறத்தாழ பத்து செ.மீ. பத்து செ.மீ. சும்மா ஆடுகிற ஸ்டீயரிங்கோடு சிறுமலையில் இறங்கிப் பாருங்கள். சட்டத்தின் எல்லை அது. ஓட்டுகிறவனின் எல்லை அதற்கு வெகு முன்னாலேயே வந்துவிடும். முன் டயர் இரண்டு மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் ஸ்டெப்னியை இறக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

இனி குறைத்த ஒரு மதிப்பெண். வண்டியை எப்போது வேலைக்கு எடுப்பார் என்று கேட்டால் "வாருங்கள், பார்ப்போம்" என்பதற்குமேல் பதில் கிடைக்காது. தொலைபேசியை எடுக்கவே மாட்டார். வரிசையில் வண்டியை விட்டுவிட்டு நாள் முழுக்க வேப்பமரத்தடியில் உட்கார வேண்டும், நாற்காலி கிடையாது, ஒரு பழைய லாரி டயர்தான் இருக்கை. அமாவாசை விடுமுறை, அதை எங்கும் எழுதியும் வைக்கவில்லை. தெரியாமல் ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்து திரும்பிப் போனவர் உண்டு. ரசீது, சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் எழுதிய கூட்டல் கணக்கு. தொழில் கணக்கில் காட்ட வேண்டியவர்களுக்கு இது உதவாது. மின்மோட்டாரில் இயங்கும் புதுவகை ஸ்டீயரிங் வண்டிகளை அவர் தொடுவதே இல்லை. ஸ்கேனர் உள்ள இடத்துக்குப் போகச் சொல்லி வாசலிலேயே அனுப்பிவிடுகிறார். பவர் பம்ப் வேலையும் அவ்வளவு விருப்பமாகச் செய்வதில்லை. ஆயில் அளவு, நுரை, பெல்ட் தளர்வு பார்ப்பதோடு சரி. பம்பைப் பிரிக்க வேண்டும் என்றால் வேறு ஆளைக் கைகாட்டுகிறார்.

வண்டி இப்போது எப்படி? வளைவு முடிந்ததும் கையைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானாக வழுக்கிக்கொண்டு நேருக்கு வருகிறது. பிரேக் பிடித்தால் நேராக நிற்கிறது. பள்ளத்தில் நடுக்கம் இல்லை. வெறும் வண்டியில் அலைச்சல் மட்டும் முழுதாகப் போகவில்லை, பாதிதான் குறைந்திருக்கிறது. அதற்கும் காரணம் சொல்லிவிட்டார்: முந்தைய உரிமையாளர் அதிக லோடு ஏற்றுவதற்காகப் பின்பக்கம் கூடுதலாக இரண்டு பட்டை போட்டிருக்கிறார். லோடு இல்லாதபோது பின்பக்கம் தூக்கி நிற்கிறது. அதனால் முன்னால் கிங் பின்னின் பின்சாய்வு குறைந்து, நேராக ஓடும் பிடிப்பும் குறைகிறது. இரண்டையும் கழற்றிவிடச் சொன்னார். வாழைத்தார் வரத்து குறையட்டும் என்று தள்ளிப்போட்டிருக்கிறேன். அதுவரை வெறும் வண்டியில் 60-க்கு மேல் போகக்கூடாது என்பது அவர் உத்தரவு. அதற்கு ஆப்புத் தகடு மாற்றினால் போதாதா என்று கேட்டுப் பார்த்தேன். லோடு ஏற்றியதும் கணக்கு எதிர்ப்பக்கம் போய்விடும், பட்டையைக் கழற்றாமல் அந்தப் பேச்சே வேண்டாம் என்று அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.